பதினோராவது தட்டில் ஒரு வீடு

ஆதிலட்சுமி அந்த அலுவலக வராந்தாவில் வந்து உட்காருவது இது மூன்றாவது முறை. காலையில் கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டபோது மேஸ்திரி கோவிந்தசாமி, "நீ வூடு கட்டறதுக்குள்ள எனக்குப் பல்லு வுழுந்துடும் போலருக்குது" என்றார். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த வெள்ளை மண்ணைத் தட்டிவிட்டு நடந்து வந்துவிட்டாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பதினைந்து வருடமாகப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, காய்வதற்குத் தட்டில் அடுக்க வேண்டும். கணவன் சக்கரபாணி திருப்பூரில் இருக்கிறான். வீட்டுக் கூரையில் நீலத் தார்ப்பாய். போன மழைக்கு அது கிழிந்து, மகள் இளமதியின் புத்தகமெல்லாம் நனைந்து ஊதிப்போயிற்று.

அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்ததும் ஓர் ஆள் வந்து குடிசையைப் படம் பிடித்து, இடத்துக்கான இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பெரியநாயகிக்கும் அன்றைக்கேதான் எடுத்தார்கள். அவளுக்கு ஆணை வந்துவிட்டது. இவளுக்கு வந்தது, 'இடம் பொருந்தவில்லை' என்று ஒரு காகிதம். இன்று மாலையோடு பட்டியலை மூடுகிறார்கள். விட்டால் இந்த மழையும் தார்ப்பாயில்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த திலீபன் நிமிராமலே சொன்னான்: "யக்கா, நான் என்னா பண்ணட்டும்? மேப்புல ஒங்க வூடு எங்கயோ வடக்க, ஐஸு பக்கம் காட்டுது. மறுபடி ஆளு வந்து எடுக்கணும். அடுத்த லிஸ்ட்டுல பாப்போம், போயிட்டு வாங்க."

"அங்கயே இருந்துக்க தாயி, ஃபேனு செலவு மிச்சம்" என்றார் வரிசையில் நின்ற பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆதிலட்சுமிக்குக் காது சுட்டது. திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பையில் பெரியநாயகியின் ஆணை இருந்தது. காலையில் கேட்டு வாங்கி வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். இரண்டு காகிதத்தையும் மடியில் வைத்துப் பார்த்தாள். பெரியநாயகியுடையதில் அட்சக்கோடு என்ற மேல் கட்டத்தில் 11.52, தீர்க்கக்கோடு என்ற கீழ்க் கட்டத்தில் 79.33. இவளுடையதில் மேலே 79.33, கீழே 11.52.

கம்பெனியில் கெட்டுப்போன பொம்மையை எடுக்கச் சொல்ல மேஸ்திரி தூரத்திலிருந்தே, "ரெண்டுல ஏழு!" என்று கத்துவார். கீழிருந்து இரண்டாவது தட்டு, அதில் ஏழாவது பொம்மை. வந்த புதிதில் அவள் ஏழாவது தட்டில் இரண்டாவதாக இருந்த நல்ல பிள்ளையாரை எடுத்துத் தொட்டியில் கரைத்துவிட்டு, அன்று பொழுதுக்கும் திட்டு வாங்கினாள்.

இளமதியின் ஊதிப்போன புத்தகத்தில் பூமி உருண்டைமேல் கோடு கோடாய்ப் பார்த்தது நினைவுக்கு வந்தது. படுக்கைக் கோடெல்லாம் தட்டு. நடுக்கோட்டிலிருந்து எத்தனை தட்டு மேலே என்று முதல் எண் சொல்கிறது; எவ்வளவு தள்ளி என்று அடுத்தது. அவள் வீடு பதினோராவது தட்டில் இருக்கிறது. இவர்கள் எழுபத்தொன்பதாவது தட்டில், ஐஸ் கிடக்கும் உச்சிப் பக்கம் தூக்கி வைத்துவிட்டார்கள்.

தெரிந்துவிட்டது. ஆனால் போய்ச் சொல்ல வேண்டுமே. மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. திலீபன் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டான். அவள் மேசைக்கு ஓடினாள்.

"சார்..." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சார், ரெண்டு நம்பரும் மேல கீழ மாறியிருக்குதுங்க."

"எது?"

அவள் இரண்டு காகிதத்தையும் மேசைமேல் வைத்து, விரலால் மட்டும் காட்டினாள். அவன் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். அந்தக் கட்டங்களை நிரப்பியது யார் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எண்களை மாற்றித் தட்டினான். திரையில் வெள்ளையாய்க் கிடந்த இடம் ஓடி மறைந்தது. ரயில் பாதை வந்தது, ஆறு வந்தது, அவள் தெரு வந்தது. முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம், நகம் அளவு நீலம்.

"இதானாக்கா ஒங்க வூடு?"

"ஆமாங்க."

"ஏத்திட்டேன். லிஸ்ட்டுல வந்துடும். மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் காகிதங்களை எடுத்துப் பையில் வைத்தாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இப்போது கிளம்பினால் மதிய வேலையையாவது பிடித்துவிடலாம். திரும்புவதற்கு முன் திரையை இன்னொரு முறை பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது தார்ப்பாயில் கிழிசல் தெரியவில்லை.