கண் முளைத்து மறையும் மீன்களைப் பார்க்கப் போனது

சனிக்கிழமை காலை 7.40-க்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன். பெங்களூரு கண்டோன்மென்ட் வரை நூற்று நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இரண்டரை மணி நேரம். திருப்பத்தூரில் இருக்கும் எனக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனாலும் நான் அந்த ஊருக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. எம்.எஸ்ஸி. முடித்ததும் நானும் வகுப்புத்தோழி ஸ்டெல்லாவும் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். பதினோராம் நாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு மாதத்தில் வந்துவிடுவதாக ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பவில்லை. அவள் அங்கேயே இருந்து, இன்று குகை மீன்களை ஆராயும் குழுவை நடத்துகிறாள்.

போன மாதம் பரிணாமப் பாடம் நடத்தும்போது, இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லாததால் குகை மீன்கள் குருடாயின என்று வழக்கம்போலச் சொன்னேன். சொல்லும்போதே அது சரியில்லை என்று தோன்றியது. அந்தச் சாக்கில் ஸ்டெல்லாவின் எண்ணைத் தேடிப் பிடித்து, சந்தேகத்தை எழுதி அனுப்பினேன். ‘சனிக்கிழமை வா. காட்டுறேன்’ என்று பதில் வந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

10.15. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. வெளியே ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தே கன்னடம் கலந்த தமிழில் பேசினார். விவேக் நகர் என்றேன். “குழந்தை ஏசு கோயில்கிட்டதானே மேடம்? மீட்டர் மேல முப்பது ரூபா குடுங்க, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார். வழியில் புதுக் கட்டடங்கள் எழும்பியிருந்தன. கோவிலுக்குப் பக்கத்துச் சந்துகளில் மட்டும் மெழுகுவத்திக் கடைகளும் பூக்கடைகளும் எனக்குத் தெரிந்த முகத்தோடு இருந்தன.

ஸ்டெல்லா இன்னும் தன் பெற்றோரின் வீட்டில்தான் இருக்கிறாள். முடி பாதி நரைத்திருந்தது. “வா, கலை” என்றாள். சாப்பாடு போட்டாள். பிள்ளைகளைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் விசாரித்தாள். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள்; அதுதான் உறுத்தியது.

பிற்பகல் 3 மணி. ஆய்வுக்கூடம் நகரின் வடக்கே, காரில் முக்கால் மணி நேரம். வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒரு பக்கம் ஆற்றில் வாழும் மீன்கள், வெள்ளி நிறம், பெரிய கண். இன்னொரு பக்கம் அதே இனத்தின் குகை மீன்கள். மெக்சிகோவில் சுண்ணாம்புக் குகைகளுக்குள் போய்ச் சேர்ந்த மீன்களின் வழியில் வந்தவை. வெளுத்த இளஞ்சிவப்பு உடல். கண் இருக்க வேண்டிய இடத்தில் மூடிய தோல். தண்ணீரில் விரல் விடச் சொன்னாள். விரலை லேசாக ஆட்டினேன். எல்லா மீன்களும் நேராக வந்து மொய்த்தன.

“ஐயோ பாவம்” என்றேன்.

“பாவம்னு சொல்லாத. ஆத்து மீனைவிட இதுக்குத் தாடை பெருசு, ருசி பார்க்கிற மொட்டு ஜாஸ்தி. தண்ணி அசையறதை இது மாதிரி அது உணராது” என்றாள்.

முந்தின இரவு இட்ட முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். குகை மீனின் கருவிலும் கண் இருந்தது! சற்றுச் சிறியது, ஆனால் வட்டமாக, ஒழுங்காக உருவாகிக்கொண்டிருந்தது. எத்தனையோ தலைமுறை வெளிச்சமே பார்க்காத மீன், இன்னமும் ஒவ்வொரு முறையும் கண்ணில்தான் தொடங்குகிறது. நெடுநேரம் அந்த இருக்கையை விட்டு எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஞாயிறு காலை 9.30. மறுபடி ஆய்வுக்கூடம். குஞ்சுகள் பொரிந்திருந்தன. சாகிற செல்கள் மட்டும் ஒளிரும்படி ஒரு சாயம் ஏற்றியிருந்தாள். ஆற்று மீன் குஞ்சின் கண் இருட்டாக இருந்தது. குகை மீன் குஞ்சின் கண்ணுக்கு நடுவே, லென்ஸில், புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது. லென்ஸ்தான் முதலில் சாகிறது; அதன் பின்னே மற்றது வளர்ச்சி குன்றி, கடைசியில் தோலுக்குள் புதைந்துவிடுகிறது. கருவில் தாடையையும் ருசி மொட்டையும் பெரிதாக்குகிற அதே சமிக்ஞை, தலையில் பரவும்போது கண்ணின் பங்கைக் குறைத்துவிடுகிறது என்று விளக்கினாள். உபயோகிக்காததால் தேய்ந்த கதை அல்ல. கண்ணை வளர்த்துக் காப்பாற்றப் பெரும் சக்தி வேண்டும். இரை குறைந்த இருட்டில் கண் இல்லாமல் வளர்ந்தவை நஷ்டப்படவில்லை, பிழைத்தன. ஆற்று மீனின் லென்ஸை எடுத்துக் குகை மீனின் கருவில் வைத்தால் அதற்கும் கண் வளர்கிறதாம். வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை இணை சேர்த்தால் சில குஞ்சுகளுக்குப் பார்வையே வந்துவிடுகிறதாம்.

இதையெல்லாம் தினமும் பார்த்திருக்க வேண்டியவள் நான். அந்த ஏக்கத்தில்தான், தலையைத் தூக்காமலே சொன்னேன். அப்பா இரண்டே மாதத்தில் எழுந்து நடந்துவிட்டார்; என்னை யாரும் தடுக்கவில்லை. இங்கே எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள். பயந்துபோய்த்தான் வரவில்லை. அப்பாவின் உடம்பைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஸ்டெல்லா சாயக் குப்பியை மூடி வைத்தாள்.

“தெரியும்” என்றாள். “உன் கல்யாணப் பத்திரிகை வைக்க உங்கப்பாதான் எங்க வீட்டுக்கு வந்தாரு. பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடந்தே வந்தாரு.”

அப்பா இதை என்னிடம் சொன்னதே இல்லை. பத்திரிகை தபாலில் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“அப்புறமும் ஆறு மாசம் உன் சீட்டுல யாரையும் உக்கார விடல. லேப் சார்கிட்ட பொய் மேல பொய் சொன்னேன். நீயா ஒரு தடவை சொல்லுவேன்னு பார்த்தேன், அவ்ளோதான்.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் சாயத் தட்டை என் பக்கம் நகர்த்தி, மிச்சமிருந்த குஞ்சுகளை எண்ணித் தரச் சொன்னாள். மதியம் வரை எண்ணினேன். முதல் தட்டில் தப்பு வந்தது. “மறுபடி எண்ணு” என்றாள். அந்தக் குரலில் விருந்தாளிக்கான மரியாதை இல்லை. சந்தோஷமாக மறுபடி எண்ணினேன்.

மாலை 4.20-க்கு ரயில். ஸ்டேஷன் வரை வந்தாள். மீண்டும் வா என்று அவள் சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. குப்பம் ஸ்டேஷன் தாண்டியதும் ஜன்னல் காற்றில் நம் ஊர்ச் சூடு ஏறத் தொடங்கியது. வீட்டில் கேட்டால் கிளைமேட் நன்றாக இருந்தது என்று சொல்வேன். பள்ளியில் நாளை பாடத்தைத் திருத்திச் சொல்லிவிடலாம்.

ஜோலார்பேட்டையில் இறங்கினேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் பெங்களூரு போகும் வண்டி நின்றுகொண்டிருந்தது. அது நகர்ந்து, கடைசிப் பெட்டியும் கண்ணிலிருந்து மறையும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.