உப்பளத்தில் எடுத்த படம்

யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஊர் திரும்பவிருந்த கப்பல் அதிகாரி ஒருவரிடம் மடக்கி வைக்கும் கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். அந்தச் சுருள் கிடைப்பதே அபூர்வம்; கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு.

எங்கள் தெருவில் உப்பள வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி இருந்தாள். புருஷனுக்குக் கொழும்பில் வேலை. அவன் போனபிறகு பிறந்த பெண் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. படம் அனுப்பச் சொல்லி அவன் கடிதம் மேல் கடிதம் போட்டான். ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போனாள். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் குழந்தை வீறிட்டது. அவர் தலையை வெளியே எடுத்தபிறகும் நிற்கவில்லை.

"அளத்துல வச்சா அழமாட்டா அண்ணாச்சி. நீங்க அங்கன வந்து எடுங்களேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உச்சி வெயில். உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. பிலிம் பெட்டியில் இருந்த தாளில், கடற்கரை மாதிரி வெளிச்சம் அதிகமான இடங்களில் லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்து எட்டுப் படமும் எடுத்தேன்.

பிரிண்ட் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. உப்பின் ஒவ்வொரு பரலும் எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உப்பு ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி. எம்புள்ள எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வெயிலுக்காகத் தலைமேல் இழுத்துவிட்ட முந்தானை நிழலில் தாயும் மகளும் இரண்டு கரித்துண்டாக நின்றார்கள். கூசிப்போனேன். "இன்னொரு சுருள் வரட்டும், தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன்.

சுருள் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. இந்தத் தடவை அளத்துக்குப் போனபோது பிலிம் பெட்டித் தாளைப் பிரிக்கவே இல்லை. உப்பைப் பார்க்காமல், நிழலில் இருந்த அந்தச் சின்ன முகத்தை மட்டும் பார்த்தேன். அந்த நிழலுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? உறுதியாகத் தெரியவில்லை. துவாரத்தைப் போன தடவையைவிட ஒரு படி திறந்து ஒன்று, இரண்டு படி திறந்து ஒன்று, மூன்று படி திறந்து ஒன்று என்று எடுத்து, எது எதுவென்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டேன். குழந்தை என் கையை எட்டிப் பார்த்துச் சிரித்தது.

இரண்டு படி திறந்ததுதான் சரியாக வந்தது. கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், "உப்பு, வானம் எல்லாம் ஒரே வெள்ளையாப் போயிட்டே" என்று உதட்டைப் பிதுக்கினார். போகட்டும் என்றேன். அவர்கள் இருவரின் முகமும் அதில் அவ்வளவு தெளிவாக இருந்தது.

படம் கொழும்புக்குப் போனது. பதில் கடிதத்தை என்னிடம்தான் வாசிக்கக் கொடுத்தாள். முதல் வரியே, "பிள்ளைக்குக் கீழ்வரிசையில் ரெண்டு பல் முளைத்திருக்கிறதே, ஏன் எழுதவில்லை?"

"பல்லு வரைக்கும் தெரிஞ்சிருக்கு அவியளுக்கு!" என்று குழந்தையை அள்ளி முத்தமிட்டாள். பிறகு, "மிச்சத்தையும் படிங்க அண்ணாச்சி" என்றாள்.

அடுத்த மாதம் கப்பலேறுவதாக எழுதியிருந்தான்.