நூற்றியொரு மீட்டர்

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை, காலை ஏழே கால் மணி. மயிலாப்பூருக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கால்பந்து மைதானத்தில் நடந்தது இது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நாளும் விட்டதில்லை.

அடையாறில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. மீதி நேரமெல்லாம் எங்கள் கிளப்புக்கு. சிறிய கிளப்தான். கூரியர் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள், மீன்பிடிப் படகில் போகிறவர்கள் என்று பதினெட்டு பேர் ஆடுகிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக நான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் மைதானத்துக்குப் போய்ச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவதும் நான்தான். வேறு யார் போட்டாலும் எனக்குத் திருப்தி இருக்காது.

அந்தப் பருவத்தில் எங்கள் அணி இரண்டாவது இடம் பிடித்திருந்தது. முதல் இரண்டு அணிகளுக்கு மேல் பிரிவில் இடம் உண்டு. ஆனால் அங்கே ஆட வேண்டுமென்றால் சொந்த மைதானம் குறைந்தது நூறு மீட்டர் நீளம் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லீக்கிலிருந்து ஆய்வாளர் வந்து அளப்பதாக ஏற்பாடு. அளவு குறைந்தால் எங்கள் இடம் மூன்றாவது அணிக்குப் போய்விடும். இன்னொன்றும் இதில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மைதானத்தில் இரண்டு பக்கமும் கேலரி கட்டி, ஒரு சிறிய ஸ்டேடியமாகவே ஆக்கித் தரும் திட்டம் மாநகராட்சியில் பேச்சில் இருந்தது. மேல் பிரிவுக்குப் போனால்தான் அது நடக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஒரு கவலையும் இல்லை. மைதானத்தின் நீளம் 101.00 மீட்டர். ஆறு ஆண்டுகளாக நானே அளந்து வந்த கணக்கு. விண்ணப்பப் படிவத்திலும் அதைத்தான் எழுதியிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை, கேலரிக்கு வரைபடம் போடுவதற்காக ஒரு பெண் பொறியாளர் கையடக்கமான லேசர் கருவியோடு வந்தார். தெற்கே, மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடச் சுவரோரம் நின்று அளந்துவிட்டு, "சார், நீளம் தொண்ணூத்தேழு எண்பது வருது" என்றார்.

"இல்லைம்மா, நூத்தியொண்ணு. பேட்டரி இருக்கான்னு பாருங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற எங்கள் பயிற்சியாளருக்குச் சிரிப்பு. அவர் ஒரு காலத்தில் கோல்கீப்பர். இப்போது தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டிரைவர். "மேடம், எங்க சார் அளந்தா அளந்ததுதான். உங்க மிஷினைத்தான் ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்றார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் 97.80.

வீட்டுக்கு வந்து என் முப்பது மீட்டர் நாடாவை எடுத்தேன். நான் அளக்கும் விதம் இதுதான்: நாடாவின் வளையத்தை ஓர் ஆணியால் தரையில் அடித்துவிட்டு, மறுமுனையோடு தனியாக நடப்பேன். முப்பது வந்ததும் குறி வைத்து, திரும்பிப் போய் ஆணியைப் பிடுங்கி, அந்தக் குறியில் அடிப்பேன். மூன்று முறை முப்பது, நான்காவது முறை பதினொன்று. யாரையும் வளையத்தைப் பிடிக்கவிட்டதில்லை. தளர்த்திவிடுவார்கள், நகர்த்திவிடுவார்கள் என்று பயம்.

அன்றுதான் வளையத்தின் பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். நாடா அங்கே பூஜ்யத்தில் தொடங்கவில்லை. எண்பதில் தொடங்கியது.

பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மழை நாளில் என் கையெழுத்திலேயே இருந்தது: "நாடாவின் முனை மழையில் இற்றுவிட்டது. 80 செ.மீ. வெட்டி, வளையத்தை மறுபடி தைத்தேன். இனி ஒவ்வொரு முறையும் 80 கழிக்கவும்." எழுதி வைத்த நிம்மதியில் மறந்துபோயிருக்கிறேன். நான்கு முறை எண்பது, மூன்று மீட்டர் இருபது. வேறு யாராவது ஒரே ஒரு தடவை வளையத்தைப் பிடித்திருந்தால், "சார், இங்க எம்பதுன்னு போட்டிருக்கே" என்று சொல்லியிருப்பார்கள்.

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பயிற்சியாளரைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு பண்ணலாம் சார். ஆய்வாளர் வந்ததும், டேப் நாங்களே வெச்சிருக்கோம் சார்னு நம்ம டேப்பையே குடுத்துடலாம்."

"அடப்பாவி!"

"நூத்தியொண்ணு வந்துடும்ல?"

ஒரு விநாடி அந்த யோசனை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். பிறகு, முடியாது என்று சொன்னேன். ஆறு வருடம் தெரியாமல் செய்ததைத் தெரிந்தே ஒரு நாள் செய்ய மனம் வரவில்லை.

மைதானத்தைத் தெற்கே நீட்ட வழியில்லை, சுவர் இருக்கிறது. வடக்கே நீட்டலாம். ஆனால் வடக்குக் கோலுக்குப் பின்னால் பெண்களின் த்ரோபால் ஆடுகளம் இருந்தது. அதைச் சொன்னதும் பயிற்சியாளர், "அங்க நான் வரமாட்டேன் சார். நீங்களே போங்க" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த பதினோரு பெண்கள் அங்கே தினமும் மாலையில் ஆடுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார்கள். மைதானத்தின் மூலையில், பக்கக் கோட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் ஒரு பெஞ்சு கட்டிக்கொள்ள ஒரு மீட்டர் இடம். நான் அங்கே ரோலரையும் சுண்ணாம்பு மூட்டையையும் வைத்திருந்தேன். தட்டச்சு செய்த கடிதத்தில் பதில் கொடுத்தேன்: "எங்கள் எல்லை 101.00 மீட்டர். அதற்குள் எந்தக் கட்டுமானத்துக்கும் இடமில்லை." அவர்கள் தங்கள் ஆடுகளத்துக்கு வடக்கே, மொட்டை வெயிலில், தாங்களே சிமென்ட் குழைத்து ஒரு பெஞ்சு கட்டிக்கொண்டார்கள். ஈரச் சிமென்டில் பதினோரு பேரும் பெயரைக் கீறி வைத்தார்கள். எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: நூத்தியோரு சார்.

இப்போது ஆடுகளம் வடக்கே நகர வேண்டுமென்றால் அந்தப் பெஞ்சு போயாக வேண்டும்.

அவர்களின் கேப்டன் கடற்கரைச் சாலை மீன் கடையில் உட்காருபவர். பதினொரு மணிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "எம்மா, நூத்தியோரு சாரு வந்துகீறாரு. சங்கரா மீனு வோணுமா, இல்ல நமக்கு இன்னொரு லெட்டரா, கேளு" என்றார்.

நின்றபடியே முழுவதையும் சொன்னேன். நாடா, வளையம், எண்பது, சனிக்கிழமை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் சொல்ற? மெய்யாலுமா? அந்த நூத்தியொண்ணே கெடையாதா?"

"கிடையாதும்மா. தொண்ணூத்தேழு எண்பது."

சிரிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கடை, எதிர்க்கடை எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று குரல் மாறிக் கேட்டார்: "மூணு வருசமா வெயிலுல குந்திகினு கீறோம் சார், இல்லாத நூத்தியொண்ணுக்கு?"

ஆமாம் என்றேன். வடக்கே அவர்கள் இடத்தில் கொஞ்சம் வேண்டும், அதற்கு அந்தப் பெஞ்சை எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன்.

"நான் மட்டும் சொல்ற விசயம் இல்ல இது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. பதினோரு பேரும் இருப்பாங்க. வரும்போது லெட்டர் எடுத்துனு வா. அப்போ டைப் அடிச்சு குடுத்தியே, அதே மாரி. நீ தப்பா அளந்தேன்னு அதுல எழுதியிருக்கணும். எங்களுக்குப் படிக்க நேரமில்ல, நீயே படிச்சிக் காட்டு. உன் டீம் பசங்களையும் கூட்டினு வா."

ஐந்து மணிக்குப் போனேன். ஒரு பக்கம் எங்கள் பையன்கள் பதினெட்டு பேர், இன்னொரு பக்கம் அந்தப் பெஞ்சிலும் தரையிலுமாகப் பதினோரு பெண்கள். கடிதம் ஏழு வரிதான். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பேருக்கு அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் திட்டியிருக்கிறேன். அன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா, சார்" என்றார் ஒருவர். முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மறுத்தது தவறு என்ற வரியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, முடித்தேன். எங்கள் பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். ஒரு பெண், "நம்ம பேரு எழுதியிருக்குக்கா" என்று பெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது. பேச்சு முடிந்து கேப்டன் எழுந்து வந்தார்.

"உனுக்கு எவ்ளோ வோணும்?"

"ரெண்டு மீட்டர் இருபது."

"ரெண்டரையா எடுத்துக்கோ. மறுபடியும் நீ தப்பா அளந்தா இன்னா பண்றது?"

இந்த முறை என் பையன்களே சிரித்துவிட்டார்கள்.

"இந்தப் பசங்க மேல போவட்டும் சார், அதுக்குத்தான் குடுக்கிறோம். எங்க தெருப் பசங்கதான் பாதிப் பேரு. ஆனா பெஞ்ச நாங்களே ஒடைப்போம். நீங்க யாரும் கை வெக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் அடி விழுந்தது. கேப்டன்தான் சம்மட்டியை எடுத்தார். அப்புறம் ஒவ்வொருவராக. தங்கள் பெயர் இருந்த துண்டை ஒவ்வொருவரும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு எங்கள் பையன்கள் இறங்கினார்கள். இடிபாட்டை அள்ளி, த்ரோபால் வலை கட்டும் இரண்டு இரும்புக் கம்பங்களையும் பிடுங்கி இரண்டரை மீட்டர் வடக்கே நட்டு, எங்கள் கோலையும் நகர்த்தி முடிக்க மாலை நான்கு மணி ஆனது. இடையில் பெண்கள் வீட்டிலிருந்து மீன் குழம்பும் சோறும் வந்தது. பயிற்சியாளர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார், முந்தின நாள் வரமாட்டேன் என்றவர்.

புதிதாக ஓர் இரும்பு நாடா வாங்கி வந்திருந்தேன். வழக்கம்போலப் பையில் ஆணியைத் தேடினேன். கேப்டன் வந்து வளையத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் புடிக்கிறேன். நீ நட. மொதல்ல இங்க பூச்சியம் போட்டுகீதான்னு பார்த்துக்கிறேன்… ஆங், போட்டுகீது."

100.30.

சனிக்கிழமை ஆய்வாளர் சரியாகப் பத்து ஐந்துக்கு வந்தார். தன் நாடாவால் அளந்தார். நூறு மீட்டர் முப்பது. பிறகு கோப்பைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "படிவத்துல நூத்தியொண்ணுன்னு எழுதியிருக்கீங்களே?"

"நான் தப்பா அளந்தது சார். திருத்தம் இதுல இருக்கு" என்று, முந்தின நாள் மாலையே எழுதி வைத்திருந்த திருத்தக் கடிதத்தை நீட்டினேன். நாடாவின் கதை, நகர்த்திய ஆடுகளம், எல்லாம் அதில் இருந்தது. நிதானமாகப் படித்தார். என்னை ஒரு முறை, வடக்கே நின்ற பெண்களை ஒரு முறை பார்த்தார்.

"பரவாயில்லை. இப்போ இருக்கிற அளவுதான் எனக்கு முக்கியம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் பையன்கள் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடச் சுவர் மீது உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின.

இந்தப் பருவத்தில் மேல் பிரிவில் ஆடுகிறோம். முதல் இரண்டு ஆட்டங்கள் தோல்வி, அடுத்த மூன்றும் வெற்றி. இன்னும் மேலே போவோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேலரிக்கு மேற்குப் பக்கம் அடித்தளம் தோண்டியாகிவிட்டது. பொறியாளரிடம் நானும் கேப்டனும் சேர்ந்து போய்ப் பேசியதில், வரைபடத்தில் த்ரோபால் ஆடுகளத்துக்கும் ஒரு வரிசைப் படிக்கட்டு சேர்ந்திருக்கிறது. அது வரட்டும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. பொங்கல் முடிந்த மறு ஞாயிறே ரோலரையும் மூட்டையையும் அப்புறப்படுத்தி, வேப்பமர நிழலில் எங்கள் பையன்கள் ஒரு பெஞ்சு கட்டினார்கள். பதினோரு பேரும் ஈரச் சிமென்டில் மறுபடியும் பெயர் எழுதினார்கள். கடைசியில் கேப்டன் குச்சியை என்னிடம் நீட்டி, "நீயும் எழுது சார்" என்றார். நான் தயங்கியதும் அவரே குனிந்து, ஓரத்தில் எனக்காக எழுதினார்: 97.80.

அது இப்போதும் அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோடு போட வரும்போதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நாடாவை எடுக்கிறேன்; ஆணியைத் தேடுவதில்லை, மறுமுனையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கூப்பிடுகிறேன்.