அமைச்சர் வாசித்த என் வசனம்

பாராளுமன்றத்தில் அமைச்சர்மார் சொல்லும் பதில்களை ஊரோடு சேர்ந்து திட்டியவன்தான் நானும்.

ஒருநாள் எங்கள் மாவட்ட உறுப்பினரின் கேள்வி ஒன்று, பதில் தேடிக் கொழும்பிலிருந்து படிப்படியாக இறங்கி, ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் அரசாங்கக் கந்தோருக்கு வந்தது. தம்பலகாமத்து வயல்களுக்கு யானை வேலி போட்டாயிற்றா?

வேலி நின்றது உண்மை. ஆனால் அதில் மின்சாரம் ஓடவில்லை. "கேட்டதுக்கு மட்டும் எழுதுங்கோ," என்றார் மேலதிகாரி. 'வேலி அமைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன்.

அமைச்சர் அதை வாசித்த அன்று, தம்பலகாமத்தில் மச்சான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதல்நாள்தான் யானைகள் அவருடைய வயலை மிதித்திருந்தன. தொலைக்காட்சியில் அமைச்சர் சிங்களத்தில் வாசிக்க, கீழே தமிழில் என் வசனம் ஓடியது. கேள்வி கேட்ட உறுப்பினர் நன்றி சொல்லி அமர்ந்தார்.

மச்சான் கோபப்படவில்லை.

"அமைச்சரைக் குறை சொல்லி என்ன? ஆரோ ஒருத்தன் கந்தோரில இருந்துகொண்டு எழுதிக் குடுத்திருக்கிறான். இந்தப் பக்கம் வந்தே இருக்கமாட்டான்," என்றபடி என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

வந்திருந்தேன். அந்த வேலிக் கம்பியை வெறுங்கையால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதிலை எழுதியிருந்தேன். அதே கையால் அவர் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.