மழைப் பாட்டு இருந்த இடம்

ஒழுங்கில்லாமல் கிடக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தே பாதி ஆயுள் போனது. அங்கே இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். மளிகைக் கடைக்குப் போனாலும் யாரோ கலைத்துப்போட்ட பிஸ்கட் பாக்கெட்டுகளை நேராக அடுக்கிவிட்டுத்தான் நகர்வேன். வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார். அதெல்லாம் அவருக்குப் பேச்சு இருந்த காலத்தில்.

கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே லேத் பட்டறை வைத்து, பம்புக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்தவர். ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிதான் திரும்பின. யாராவது தாங்கிப் பிடித்தால் எழுந்து நடப்பார். பேச்சு திரும்பவே இல்லை. நாம் சொல்வது அத்தனையும் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "தா, தா" என்ற ஒரே சத்தம்தான். எழுத்தும் பேச்சோடு போயிற்று. அவர் பேரையே எழுதிக் காட்டினாலும் ஏதோ கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டேன்.

மிஞ்சியது பாட்டு. பட்டறையில் லேத் சத்தத்துக்கு நடுவே கேட்பதற்கென்று வருடக்கணக்காகக் கம்ப்யூட்டரில் பாட்டு சேர்த்து வைத்திருந்தார். பட்டறையை வாடகைக்கு விட்டபோது மகன் அந்தக் கம்ப்யூட்டரை மேலே கொண்டுவந்து ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தான். அதில் இருந்தது ஆதிகாலத்து பிளேயர். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு பட்டியல், எந்தப் பாட்டு எப்போது வந்து சேர்ந்ததோ அந்த வரிசையில். அவர் இடது கையால் மவுஸைப் பிடித்து மேலும் கீழும் உருட்டி, வேண்டியதைத் தட்டுவார்.

ஒரு நாள் புல்லாங்குழல் இசை ஒன்றைப் போட்டுவிட்டு டம்ளரைக் காட்டினார். மறுநாளும் அதே இசை, அதே டம்ளர். காப்பி கேட்கிறார் என்று எனக்குப் பிடிபட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கூடியது. கதாநாயகன் வா, வா என்று கெஞ்சும் பாட்டு வந்தால் என்னைக் கூப்பிடுகிறார். தாலாட்டு வந்தால் படுக்க வேண்டும். நான் சத்தம் போட்டால் பேய் ஆடுகிற பாட்டு ஒன்றைப் போடுவார். என் கோபத்தில் பாதி அங்கேயே சிரிப்பாகிவிடும். பாத்ரூம் போக வேண்டும் என்றால் மழைப் பாட்டு.

அந்த மழைப் பாட்டைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். ஊரில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியவர், வந்தவர்கள் முன்னால் சுண்டு விரலைக் காட்டிக் கேட்பதற்கு உயிரையே விடலாம் என்று இருப்பார். மழைப் பாட்டு கேட்டதும் நான் எழுந்து, "வாங்க, மாத்திரைக்கு நேரமாச்சுங்க" என்று கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போவேன். அவர் பாட்டு கேட்டார், மாத்திரைக்குப் போனார். வந்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

இதெல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. என் கை சும்மா இருந்திருந்தால் இன்றும் நடந்திருக்கும்.

அந்தப் பட்டியல் என் கண்ணை உறுத்தியது. பாதிப் பாட்டுக்குப் பாடியவர் பேர் இல்லை. ஒரே படத்தின் பாட்டுகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. "டிராக் ஒன்று", "டிராக் இரண்டு" என்று அநாதைகளாகச் சில. இதையெல்லாம் ஒழுங்கு செய்ய நல்ல மென்பொருள் இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். கல்லூரியில் நூலக மென்பொருள் வாங்கியபோது எத்தனை வகையை ஒப்பிட்டுப் பார்த்தேனோ, அதே கர்வத்தோடு இதிலும் இறங்கினேன். ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் அதன் கனம் தாங்காமல் திணறியது. இன்னொன்றில் அமைப்புகள் மட்டும் ஒரு கடல். எதைத் தொட்டால் எது மாறும் என்று எனக்கே விளங்கவில்லை. மூன்றாவதுதான் எனக்குத் தோதானது. அது பாட்டைக் கேட்டே படத்தைக் கண்டுபிடித்து, பாடியவர் பேரை நிரப்பி, அட்டைப் படத்தையும் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது. எனக்கு ஒரு உதவியாளர் கிடைத்ததுபோல இருந்தது.

மகன் அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போன ஒரு நாளில் காரியத்தை முடித்தேன். "கோப்புகளை இடம் மாற்றி அடுக்கட்டுமா?" என்று கேட்டது. சரி என்றேன். "ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் நீக்கட்டுமா?" என்றது. அதற்கும் சரி. பழைய பிளேயரையும் எடுத்துவிட்டேன், ஒரு வீட்டுக்கு இரண்டு நூலகர் எதற்கு என்று. எழுத்து மறந்த மனிதர் இத்தனை நாளாக எப்படித் தனக்கு வேண்டிய பாட்டைக் கண்டுபிடித்தார் என்று அந்த நேரத்தில் நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். வெகு நேரம் பார்த்தார். இடது கையை நீட்டித் திரையைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"எப்படிங்க இருக்குது?" என்றேன்.

தலையை ஆட்டினார். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் மெனக்கெட்டுச் செய்ததை முகத்துக்கு நேராக நன்றாக இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். அந்தத் தலையாட்டலை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சம்பந்தமே இல்லாத பாட்டுகள் கேட்டன. ஒன்றைத் தட்டுவார், முகம் சுருங்கும், இன்னொன்றைத் தட்டுவார். "இப்பத்தான் எல்லாப் பாட்டும் கேக்கறாரு" என்று மகனிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். காப்பி கேட்பது குறைந்தது. உடம்புக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். மழைப் பாட்டுக்குப் பதிலாக என் சேலையைப் பிடித்து இழுத்தார். பாட்டு போடச் சோம்பேறித்தனம் என்று அதற்கும் ஒரு கிண்டல் செய்தேன்.

அந்த சமயத்தில்தான் அன்னூரிலிருந்து நங்கையா வந்தார்கள். இவருடைய அக்கா. மகளுக்குக் கல்யாணம் கூடி, தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை வைக்கத் தன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு, தட்டத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்திருந்தார்கள். இவருக்கு நான் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். அக்காவைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. காப்பி குடித்தோம், மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசினோம்.

திடீரென்று கம்ப்யூட்டரில் நாதஸ்வரத்தோடு ஒரு கல்யாணப் பாட்டு.

நங்கையாவுக்கு மனசு பூரித்துப் போயிற்று. "என்ற தம்பிக்குச் சந்தோசத்தப் பாரு அம்மணி! வாய் பேசாட்டி என்ன, கெட்டிமேளமே கொட்டிப்போட்டான்!"

எல்லோரும் சிரித்தோம். அவர் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி தட்டினார். அதே பாட்டு. மறுபடியும் அதே. என்னைப் பார்த்து, "தா, தா" என்றார்.

"'தட்டத்தத் தா'ங்கறானாட்ட இருக்குது" என்றார்கள் நங்கையா.

எனக்கும் குஷி வந்துவிட்டது. "ஏனுங்க, போதுமுங்க. புள்ளைக்குக் கல்யாணமா, இல்ல உங்களுக்கே இன்னொன்னு கேக்குதுங்களா?" என்றேன். ஹாலே அதிர்ந்தது. அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

பத்திரிகையை நின்று வாங்குவதுதான் மரியாதை என்று நானும் நங்கையாவின் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை எழுப்பி நிறுத்தினோம். நங்கையா தட்டத்தை நீட்டினார்கள். அவர் கையை நீட்டவில்லை. வேட்டி நனைந்து, கால் வழியாகத் தரையில் இறங்கியது.

நங்கையா தட்டத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர், வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கம்ப்யூட்டரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர்கள் போன பிறகு அவரைக் குளிப்பாட்டி உட்கார வைத்துக் கேட்டேன், "மழைப் பாட்டு எங்கீங்க இருக்குது?" என்று. இடது கை திரையில் ஓர் இடத்துக்கு நேராகப் போய் நின்றது. அங்கே இருந்தது கல்யாணப் பாட்டின் அட்டைப் படம். பழைய பட்டியலில் உருட்டி நிறுத்தினால் அந்த இடத்தில்தான் மழைப் பாட்டு வரும். அவர் இடத்தை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் இல்லாத நேரத்தில் அத்தனை இடத்தையும் மாற்றிவிட்டேன்.

பழைய பிளேயரைத் தேடிப் பிடித்து மறுபடி போட்டேன். பாட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் அதற்கு அத்தனை பாட்டும் அன்றைக்குச் சேர்ந்ததாகத்தான் தெரிந்தது. வருடக்கணக்கில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்த வரிசை எங்கேயும் பதிவாகி இருக்கவில்லை. நூலகத்தில் புத்தகத்தை எந்த அலமாரிக்கு மாற்றினாலும், வந்த வரிசைப்படி கொடுத்த எண்ணை மட்டும் அழிக்க மாட்டோம். அதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"மன்னிச்சுக்குங்க" என்று அவர் கையைப் பிடித்து அழுதேன். அவர் என் தலையில் கை வைத்தார். அதற்குப் பதில் திட்டியிருந்தால் தேவலை, திட்டுவதற்கும் அவரிடம் பாட்டு இல்லை.

பிறகு இருவருமாக உட்கார்ந்து புதிதாக ஒரு பட்டியல் போட்டோம். நான் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்டுவேன், அவர் தலையாட்டினால் சேர்ப்பேன். புல்லாங்குழல் வந்தது. கூப்பிடுகிற பாட்டு, தாலாட்டு, பேய்ப் பாட்டுகூட வந்தது. மழைப் பாட்டைப் போட்டதும் மவுஸை என் கையிலிருந்து விலக்கி, அதை நிறுத்திவிட்டார். இன்னொரு நாள் போட்டுப் பார்த்தேன். அன்றும் அப்படித்தான். இப்போது நானே அவ்வப்போது, "போலாமுங்களா?" என்று கேட்டுக் கூட்டிப் போகிறேன். அவராகக் கேட்பதில்லை.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. கிளம்பச் சொன்னபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தாய்மாமன் சீரை நானும் மகனும் கொண்டுபோனோம். 

நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அவர் முன்போலவே பேசுகிறார். காப்பி கேட்கிறார், கூப்பிடுகிறார், கிண்டல்கூடச் செய்கிறார். ஆனால் கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டால் போதும். யார் வருகிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், இடது கையை நீட்டிக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறார்.