கான் தண்ணீரில் கிடைத்தது

தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா, மழையில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, புண் ஆறவில்லை. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் பச்சையாகச் சீழ் வடியும். ஊசி மருந்தை மாற்றி மாற்றிப் போட்டும் கிருமி அசையவில்லை. காலை எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த டாக்டரே இன்னொரு வழியும் சொன்னார். கிருமியைக் கொல்லும் வைரஸ்களை ஆராயும் ஒரு சிங்கள மிஸ் கண்டியில் இருந்தார். அவர் என்னிடம் கேட்டது அழுக்குத் தண்ணீர். கிருமி மண்டிய இடத்தில்தான் அதைத் தின்னும் வைரஸும் இருக்குமாம். எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் ஒரு போத்தலை முக்கி எடுத்தேன்.

"கான் தண்ணியையா என் கால்ல ஊத்தப் போறாங்க?" என்றாள் அக்கா.

"அப்படியே இல்லக்கா. சுத்தம் பண்ணி, அந்த வைரஸ மட்டும் எடுப்பாங்களாம்."

"எடுக்கட்டும். கால் போறதுக்கு இது மேலு."

சில வாரங்கள் கழித்து மிஸ் ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அக்காவின் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி, கஞ்சி ஆடைபோலப் படர்ந்திருந்தது. அதன் நடுவே ஊசியால் குத்தியதுபோலத் தெளிந்த வட்டங்கள்.

"ஒங்க தண்ணியில இருந்த வைரஸ் சாப்பிட்ட எடம்," என்றார், தமிழைத் தேடித் தேடி. "இந்தக் கிருமிய மட்டும்தான் சாப்பிடும். மனுசங்கள ஒண்ணும் செய்யாது."

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போன தண்ணீரில், கண்ணுக்கே தெரியாமல் இப்படியொரு வேட்டை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

விசேஷ அனுமதி வாங்கி, சுத்தம் செய்த வைரஸைப் புண்ணில் விட்டார்கள். ஊசி மருந்தும் கூடவே போனது. மெல்ல மெல்லப் பச்சை மறைந்தது. ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது சிவப்பாகப் புதுச் சதை. தாதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுங்க இப்ப எங்க டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"கிருமி முடிஞ்சா அதுகளுக்கும் சாப்பாடு இல்லம்மா. அதுகளும் முடிஞ்சிரும்."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"பாவம் அதுங்க," என்றாள்.