ட்ரீட்மென்ட், இரண்டு பக்கம்

ஆஸ்டின் டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ருக்குவுக்கு மூக்கின் மேல் கோபம். 1999இல் சேஷகிரியைப் பார்க்கப் போன அன்றைக்கு மட்டும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஆவணப்படங்களுக்கு நிதி தரும் ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பம் வாங்குகிறவர் அவர். ருக்குவின் அக்கா சரசுவுக்குப் பதினெட்டு வருடமாகத் தெருப் பெருக்கும் வேலை. தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்கவே இல்லை. மூக்கை மூட ஒரு துணிகூடத் தராத காண்ட்ராக்டரைப் பற்றி அக்கா தன் வாயால் பேச வேண்டும், அதைத் தானே படமெடுக்க வேண்டும். ருக்கு கேட்டது அவ்வளவுதான்.

எந்த மொழியிலும் எழுதலாம் என்றிருந்த விண்ணப்பத்தில் 'ட்ரீட்மென்ட், இரண்டு பக்கம்' என்று ஓர் இடம். அக்காவுக்கு நடக்கும் வைத்தியத்தைத்தான் கேட்கிறார்கள் என்று ருக்கு உட்கார்ந்து எழுதினாள். ஆஸ்பத்திரி வரிசை, எக்ஸ்ரே அறையில் தாலியைக் கழற்றச் சொன்னபோது நடந்த சண்டை, துடைப்பத்தை விடச் சொன்ன டாக்டரிடம் "வுட்டுட்டு சோத்துக்கு உங்க வூட்டுக்கு வரவா?" என்று சரசு கேட்டது. ஒன்றையும் விடவில்லை.

சேஷகிரி படித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

"ட்ரீட்மென்ட்னா படத்தை எப்படி எடுக்கப் போறீங்கன்னு எழுதறதும்மா. மாத்திரை லிஸ்ட் இல்ல. கல்யாண கேசட் எடுக்கறவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததற்கு ஒரு மனுஷியை நிற்க வைத்தா சிரிப்பது? படித்த திமிர், வேறென்ன. ருக்கு பக்கங்களைத் திருப்பிக் கேட்டாள். ஃபைலில் போட்டாயிற்று, தர முடியாது என்றார்.

ஐந்து மாதம் கழித்து, வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடை போனுக்கு அவரே கூப்பிட்டார். ருக்கு இறங்கி வந்தாள், கூடவே சரசுவும். அவர் குரலில் தேன் ஒழுகியது. அந்த இரண்டு பக்கம் கமிட்டிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். நிதியும் கிடைத்துவிட்டதாம். எடுக்கப்போவது மட்டும் வித்யாலட்சுமி மேடமாம், டெல்லியில் படித்தவராம்.

"நீங்க அக்காவைக் கூட்டிட்டு வந்தா போதும். அவங்க ட்ரீட்மென்ட் இப்ப எப்படிப் போகுது? மேடம் கேட்டாங்க, எழுதிக்கணும்."

அன்றைக்கு வீட்டில் விட்டுப்போன கோபம் இப்போது நாக்கு நுனியில் இருந்தது.

"எங்க அக்காவ நான்தான் எடுப்பேன். இல்லன்னா எவளும் எடுக்க மாட்டா. ட்ரீட்மென்ட்தான வேணும்? இரு சார், அவளே சொல்லுவா."

ரிசீவரைச் சரசுவிடம் கொடுத்தாள். சரசு பேச வாயெடுத்ததும் இருமல் முந்திக்கொண்டது. கடைக்காரர் தராசை வைத்துவிட்டுப் பார்க்கும் அளவுக்கு இருமினாள். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கத்தல். முந்தானையால் வாயைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரசு கேட்டாள்:

"எழுதிக்கினியா சார்?"